நிறுத்தக்காவின் வலிமை பதினெட்டு

மேடத்தின் காரில் இரண்டு பிரேக். ஒன்று ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில், மேடத்தின் காலடியில். முதல் பிரேக் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. மேடத்தின் பிரேக்கில்தான் ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் இரும்பு பளபளத்தது.

டிரைவிங் ஸ்கூலில் எல்லோருக்கும் அவர் மேடம். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். ஐம்பதை நெருங்கும் வயது. உச்சந்தலையில் இறுக்கிச் சுற்றிய கொண்டை. மூன்று கண்ணாடியையும் ஒரே நேரத்தில் பார்த்துப் பார்த்துத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிருந்தது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் அதே சாய்வுதான். கார் துரத்தும் காட்சி வந்தால் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதிக்கும். இத்தனை வருஷ மிதியில் அந்த வலது பாதம் இடதைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. இந்த விஷயம் மேடத்துக்கும் செருப்புக் கடைக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்று காலை வண்டியில் இருந்தவர் ஒரு பல் டாக்டர். வேரோடு மல்லுக்கட்டும் கடைவாய்ப் பல்லை ஆடாமல் அசையாமல் பிடுங்கி எடுக்கும் கை அவருடையது. ரவுண்டானா வந்துவிட்டால் மட்டும் அதே கை வெடவெடக்கும். லைசென்ஸ் டெஸ்டில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தார்.

"டாக்டர், பக்கவாட்டுல லாரி வருது. அது போகட்டும்."

டாக்டர் லாரியைப் பார்த்தார். பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிக்கொண்டு, ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

"நிறுத்து நிறுத்து நிறுத்து!"

மேடத்தின் வலது கால் இறங்கியது. கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே மூக்குக்கு முன்னால் கடந்து போனது. டாக்டர் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்து, போன உயிர் திரும்பி வந்த குரலில் முணுமுணுத்தார்.

"அப்பாடா... அப்படியே நிறுத்தக்கா!"

மேடம் வண்டியை ஓரமாகப் போடச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பிறகு தலையைச் சாய்த்து டாக்டரைப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"அக்கான்னீங்களே. உங்களுக்கு என்னைவிட ரெண்டு வயசு கூடுதலாவே இருக்கும். அதை விடுங்க. வண்டிதான் நின்னாச்சே, அப்புறம் நிறுத்தக்கான்னா என்ன?"

டாக்டர் சங்கடத்தோடு பின்சீட்டில் இருந்த தன் பையைத் துழாவினார். ஊசி மருந்தும் பஞ்சும் இருக்க வேண்டிய பைக்குள்ளிருந்து, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு வீடியோ கேம் பெட்டி வெளியே வந்தது.

"கிளினிக்ல ஒரு பேஷன்டுக்கு மரத்துப்போற ஊசி போட்டுட்டுக் காத்திருப்பேன் இல்லையா, அந்த நேரத்துல ஆடறது" என்றார், திருடிய பொருளைக் காட்டுபவர் போல.

விளையாட்டின் பெயர் குட்டிப்பூதம். இது நாலாவது பாகம். காட்டிலும் வயலிலும் நடந்து போக வேண்டும். எதிரே வரும் குட்டிப் பூதங்களை ஜாடியில் பிடிக்க வேண்டும். சோறு போட்டு வளர்த்து, அடுத்தவர் வளர்த்த பூதத்தோடு மோதவிட வேண்டும். ஊர்வன, பறப்பன, கல்லும் மண்ணுமாக உருள்வன என்று நூற்றுக்கணக்கில் பூதங்கள். இதையெல்லாம் டாக்டர் சொல்லச் சொல்ல, மேடம் பொறுமையில்லாமல் விரலால் திரையைத் தட்டினார்.

"நம்ம ஆளைக் காட்டுங்க."

திரையில் ஒரு பறவை வந்து நின்றது. அதுவும் அந்தரத்தில். குண்டு உடம்பு. கறுப்பும் வெள்ளையுமாக இறகு. உச்சியில் இறுக்கிக் கட்டின மாதிரி ஒரு கொண்டை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒற்றைக் கண்ணால், வண்டி ஓட்டத் தெரியாதவனைப் பார்ப்பது போல மேடத்தைப் பார்த்தது. வலது பாதம் மட்டும் இடதைவிடப் பெரிது. படத்துக்குக் கீழே குறிப்பு எழுதியிருந்தது:

*நிறுத்தக்கா. பறவை இனம். பறந்துகொண்டிருக்கும்போதே வலது காலை உதைத்து அந்தரத்தில் நின்றுவிடும். எதற்காக நின்றது என்பது அதற்கு மட்டுமே தெரியும். அடுத்தவர் கூட்டுக்குப் போனால் முதலில் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கும். பிறகுதான் நலம் விசாரிக்கும். தான் போகிற வழியைத் தவிர மற்ற வழியெல்லாம் சுற்றுவழி என்று உறுதியாக நம்பும்.*

மேடம் ஒருமுறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

அவருடைய சின்னத் தம்பியின் மனைவி ஒரு வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பெண் பார்க்கப் போனபோது "பூதத்துக்குப் பேர் வெக்கிற வேலை" என்று அவள் சொன்னதை மேடம் ஏதோ கிண்டல் என்று நினைத்திருந்தார். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனது ஞாபகம் வந்தது. உள்ளே நுழைந்ததும் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்து, "இது லூசா இருக்கே, யாராவது கவனிக்கறீங்களா?" என்று கேட்டதும், அதன்பிறகே "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டதும் ஞாபகம் வந்தது. அதற்கும் முந்திய காலம் ஒன்றும் கூடவே வந்தது. தம்பிகள் இரண்டு பேரையும் கைக்கொருவராகப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போன காலம். ஒவ்வொரு தெரு முனையிலும் "நிறுத்து!" என்று இழுத்து நிறுத்துவார். பையன்கள் இருவரும் அவர் முதுகுக்குப் பின்னால் எதையோ கிசுகிசுத்துச் சிரிப்பார்கள். என்ன கிசுகிசுத்தார்கள் என்று இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் விளங்கியது.

"மேடம், கோபமா?" என்றார் டாக்டர்.

"இது பலசாலியா?"

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அது வந்து..."

"வாயைத் திறங்க டாக்டர்." இதை டாக்டரிடம் யாரும் சொன்னதில்லை, அவர்தான் சொல்வார்.

"பாவம் மேடம் அது. வலிமை பதினெட்டுதான். புல்லுல திரியற புழுவுக்கே இருபத்தஞ்சு. அதுகிட்ட ஒரே ஒரு வித்தைதான், ‘நிறுத்து’. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஆடணும், இதைப் போட்டா எதிராளி அவன் முறையில அசைய முடியாது. ஆனா இதுவும் அசைய முடியாது. ரெண்டும் முழிச்சுட்டு நிக்கும். அதனால யாரும் வெச்சுக்க மாட்டாங்க. பிடிப்பாங்க, ஆல்பத்துல பதிவாகும், உடனே தொறந்து விட்டுடுவாங்க."

"தொறந்து விட்டுடுவாங்களா?"

"எல்லாரும் இல்ல" என்றார் டாக்டர் அவசரமாக. "நான் ஒண்ணு வெச்சிருக்கேன். ஜாடியில சும்மா இருக்கு."

மேடம் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தார். "வண்டியை எடுங்க" என்றார். அதன்பிறகு பயிற்சி முடியும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் பயத்தில் அன்று மிக நன்றாக ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் தம்பி வீட்டுக்குப் போனார். முன்கூட்டிப் போன் செய்யவில்லை. கதவைத் திறந்தது தம்பி. மேடத்தின் கை பழக்கத்தில் தாழ்ப்பாளை நோக்கி நீண்டது. பாதி வழியில் தானே நின்றது. தம்பி அதைப் பார்த்துவிட்டான். அக்கா தாழ்ப்பாளைத் தொடாமல் உள்ளே வந்தால், விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

தம்பி மனைவி காபி கலந்து கொண்டுவந்து வைத்தாள். மேடம் காபியைத் தொடவில்லை.

"ஏம்மா, நிறுத்தக்கான்னு ஒரு பறவை இருக்காமே."

தம்பிக்குப் புரை ஏறியது. அவன் இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

தம்பி மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். இந்த நாள் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் விளையாட்டை ஆடும் குழந்தைகள் யாராவது சொல்லி, இன்னும் ஒரு இரண்டு வருஷம் கழித்து வரும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"அண்ணி, மன்னிச்சிடுங்க. படம் வரையறவர் வரைஞ்சு கொண்டுவந்து மேசையில வெச்சார். மீன்கொத்தி தண்ணிக்கு மேல அப்படியே நிக்குமே, அதை வெச்சு வரைஞ்சதாம். கொண்டை, சாய்ஞ்ச தலை, அந்தப் பார்வை... எனக்கு வேற யார் ஞாபகமும் வரல. சாயங்காலத்துக்குள்ள பேர் கொடுக்கணும். கட்டத்துல ஏழு எழுத்துக்கு மேல இடமும் இல்ல."

"நான்தான் அந்தப் பேரைச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே" என்றான் தம்பி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

"உன்கிட்ட அப்புறம் வரேன்" என்றார் மேடம். "வலது கால் பெருசுன்னு யார் சொன்னது?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கேள்வி அவர்களுக்குப் புரியவில்லை.

"யாரும் சொல்லல அண்ணி. அவர் அவசரத்துல தப்பா வரைஞ்சுட்டார். திருத்த நேரம் இல்லாம அப்படியே விட்டுட்டாங்க."

மேடம் சத்தமில்லாமல் வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"சரி, பேரு கிடக்கட்டும். காலும் கிடக்கட்டும். வலிமை பதினெட்டு. அதை யார் போட்டது?"

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். திட்டு வரும் திசை எதுவோ அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். இந்தத் திசையை எதிர்பார்க்கவில்லை.

"அது... அது கணக்குப் பிரிவு அண்ணி. எந்தப் பூதத்துக்கு எவ்வளவு வலிமைன்னு அவங்கதான் போடுவாங்க."

"புழுவுக்கு இருபத்தஞ்சாமே?"

"ஆமா அண்ணி."

"நான் புழுவைவிட மட்டமா?"

"அக்கா, அது நீ இல்ல, அது ஒரு பறவை" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. வாயைத் திறந்தா உளறுவே. ஏம்மா, மாத்தச் சொல்லு."

"விளையாட்டு வெளியில வந்தாச்சு அண்ணி. இனிமே எண்ணை மாத்தணும்னா லட்சக்கணக்கான பேர் சண்டைக்கு வருவாங்க."

மேடம் காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரை வைத்தார்.

"அப்ப நானே பார்த்துக்கறேன்."

எதைப் பார்த்துக்கொள்வார் என்று அவர் சொல்லவில்லை. போகும்போது தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்து, "இன்னும் சரி பண்ணல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தம்பிக்கு அதைக் கேட்டதும்தான் மூச்சு வந்தது.

அடுத்த வாரமே மேடம் பழசாக ஒரு கேம் பெட்டி வாங்கினார். டாக்டரோடு ஒப்பந்தம் ஆயிற்று: முதலில் டிரைவிங், பிறகு மரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டுப் பூதம். முதல் பாடத்தில் ஆசிரியர் மேடம், மாணவர் டாக்டர். இரண்டாவதில் தலைகீழ்.

"மேடம், பட்டனை அவ்வளவு ஓங்கி மிதிக்க— அழுத்தக் கூடாது. உடைஞ்சுடும்."

"டாக்டர், நீங்க கியரைப் பல்லு பிடுங்கற மாதிரி இழுக்கறீங்களே, நான் ஏதாவது சொன்னேனா?"

நிறுத்தக்காவைப் பிடிப்பதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. மற்றப் பறவைகள் ஜாடியைக் கண்டதும் பறந்தோடும். இது அந்தரத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. "ஓடாம நிக்குது பாருங்க. நல்ல வளர்ப்பு" என்றார் மேடம். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் தோல்விதான். தவளையிடம் தோற்றார். கூழாங்கல் ஒன்றிடம் தோற்றார். காளானிடம் தோற்ற அன்று, அது அசையக்கூட இல்லை என்பதை டாக்டர் எவ்வளவோ நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார்.

மேடத்தின் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. கடலிலிருந்து போன் செய்தார்.

"என்ன அங்க சத்தம்?"

"ஒரு சேத்துப்பூதத்தை அடிச்சுட்டு இருக்கேன். அப்புறம் பேசறேன்."

கப்பல்காரர் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்துவிட்டு, தனியாக இருந்தால் மனுஷிக்கு இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று கவலையோடு வேலையைப் பார்க்கப் போனார்.

ஆனால் மேடம் தனியாக இல்லை. கல்யாணம் ஆகி ஏழு வருஷத்தில் தம்பி மனைவிக்கு அவர் நேராகப் போன் செய்ததே கிடையாது. எதுவானாலும் தம்பி மூலமாகத்தான். இப்போது ஒரு நாளைக்கு மூன்று போன் போயிற்று.

"ஏம்மா, இந்த இடிக்கழுகு எதுக்குப் பயப்படும்?"

"அண்ணி, நான் ஆபீஸ்ல மீட்டிங்ல இருக்கேன்."

"ஆபீஸ்லதானே இருக்கே, பக்கத்துல யாரையாவது கேட்டுச் சொல்லு."

முதலில் தம்பி மனைவி போன் திரையில் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றே பேசுவாள். போகப் போக உட்கார்ந்து பேசினாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் போன் வரவில்லை என்றதும் அவளே கூப்பிட்டு, "என்ன அண்ணி, இன்னிக்கு யாருகிட்டயும் தோக்கலையா?" என்று கேட்டாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் கேம் பெட்டியை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "காலையில ரெண்டு தடவை தோத்தேன். உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டேன்" என்ற பதில் வந்தது.

முதல் வெற்றி தற்செயலாகத்தான் வந்தது. அன்று எதிரே வந்தது உலைமாடு. வயிற்றுக்குள் நெருப்பு வைத்திருக்கும் பெரிய எருது. அது பாய்வதற்கு முன் தலையைத் தாழ்த்தி, மண்ணைக் கிளறி, ஒரு முறை மூச்சை உள்ளே இழுக்கும். அடுத்த முறை நெருப்பாகக் கக்கும். எல்லா ஆட்டக்காரர்களும் நெருப்பு வரும்போதுதான் தடுக்கப் பார்ப்பார்கள். மேடம் அதன் தலை தாழ்வதைப் பார்த்தார். இத்தனை வருஷமாகச் சந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் வண்டி மூக்குகளைப் பார்த்த கண் அது. மூளை எதையும் யோசிப்பதற்குள் வாய் "நிறுத்து!" என்று கத்தியது. வலது கால் தரையை மிதித்தது. விரலும் கூடவே பட்டனை அழுத்தியது.

நிறுத்தக்கா அந்தரத்தில் காலை உதைத்தது. உலைமாடு இழுத்த மூச்சோடு அப்படியே நின்றது. வெளியே வர வேண்டிய நெருப்பு உள்ளேயே சுற்றியது. காது இரண்டிலும் புகை கிளம்பியது. ஒரு விக்கல். மாடு நாலு காலையும் நீட்டிப் படுத்தது.

மேடமும் டாக்டரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செத்துடுச்சா?" என்றார் மேடம்.

"பூதம் சாகாது மேடம். மயக்கம்தான்" என்றார் டாக்டர். "இது எப்படி..."

தம்பி மனைவிக்குப் போன் போயிற்று. அவள் நம்பவில்லை. இன்னொரு முறை செய்து, வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாள். சாயங்காலம் அவளே கூப்பிட்டபோது கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"அண்ணி, கணக்குப் பிரிவு முழுக்கக் கூடி உக்காந்திருக்காங்க. இப்படி ஒண்ணு நடக்கும்னு அவங்களுக்கே தெரியாதாம். இது விளையாட்டுல இருக்கிற கோளாறா, இல்ல பறவையோட திறமையான்னு ஒரே சண்டை."

"என்ன முடிவு பண்ணாங்க?"

"‘ஆரம்பத்துலேர்ந்தே எங்க திட்டத்துல இருந்ததுதான்’னு சொல்லிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பக்கத்தில் தம்பி மனைவியும் சிரித்தாள். கணக்குப் பிரிவுக்குக் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு.

கம்பெனி நடத்திய குட்டிப்பூதம் போட்டியில் மேடம் பெயர் கொடுத்தார். அது ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியில் நடந்தது. நீளமான மேசைகள், பெரிய திரை, கையில் மைக்கோடு ஓர் ஒல்லியான நடுவர். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். மேடம் கழுத்தில் டிரைவிங் ஸ்கூல் அடையாள அட்டையோடு நின்றதைப் பார்த்து, மூன்று பேர் அவரிடம் வந்து டாய்லெட் எங்கே என்று கேட்டார்கள். மேடம் மூவருக்கும் சரியான வழியைச் சொல்லி, "அந்தப் பக்கமாப் போகாதீங்க, சுத்து" என்றும் எச்சரித்தார்.

தம்பி கைதட்ட வந்திருந்தான். தம்பி மனைவி கம்பெனி மேசையில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி ஆட்கள் யாருக்கும் ஆதரவு காட்டக் கூடாது என்பது விதி. அதனால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, மேசைக்கு அடியில் இரண்டு கை விரல்களையும் பின்னிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

முதல் சுற்றில் எதிரே உட்கார்ந்த இளைஞன், திரையில் நிறுத்தக்கா வந்ததும் சிரித்துவிட்டான். "ஆன்ட்டி, இது விட்டுட வேண்டிய பறவை. யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்கப்பா. நீ ஆடு."

அவன் உலைமாட்டை இறக்கினான். மாடு தலையைத் தாழ்த்தியது. மேடத்தின் கால் தரையில் ஓங்கி இறங்கிய சத்தம் பக்கத்து மேசைவரை கேட்டது. காதில் புகை, விக்கல், மயக்கம். இளைஞன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் தன்னையறியாமல் அவன் கீழ்வரிசைப் பற்களை எண்ணினார்.

இரண்டாவது சுற்றில் ஒரு பெண் இடிக்கழுகோடு வந்தாள். கழுகு மேகத்தைத் திரட்ட ஆரம்பித்ததும் "நிறுத்து!" என்றார் மேடம். கழுகின் இடி கழுகின் தலையிலேயே விழுந்தது. அதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாற்காலி மேல் ஏறி நின்றார்கள். தம்பி நெஞ்சைத் தட்டி, "எங்க அக்கா! எங்க அக்கா!" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னான்.

மூன்றாவது சுற்றில் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் பல் டாக்டர்.

இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். டாக்டர் தன் ஜாடியைத் திறந்தார். வெளியே வந்தது நத்தையப்பன். முதுகில் பாறை, முகத்தில் தூக்கம். அது மூச்சு இழுக்காது, மேகம் திரட்டாது, தலையைத் தாழ்த்தாது. சும்மா இருக்கும். யாராவது தொட்டால் மட்டும் திருப்பிக் கொடுக்கும்.

மேடம் காத்திருந்தார். டாக்டரும் காத்திருந்தார். நிறுத்தக்கா அந்தரத்தில் நின்றது. நத்தை தரையில் நின்றது. இரண்டு பேரும் ‘இம்முறை விடு’ என்ற பட்டனையே மாற்றி மாற்றி அழுத்தினார்கள். கூட்டத்தில் முதலில் பரபரப்பு, பிறகு கொட்டாவி. ஒருவர் போய்த் தின்பண்டம் வாங்கிவந்து, தின்று முடித்து, கையும் கழுவிவிட்டு வந்தார். நடுவர் மைக்கில் பேச ஏதும் இல்லாமல் வளாகத்தின் பார்க்கிங் விதிகளைப் படித்துக் காட்டினார்.

"டாக்டர், ஏதாவது செய்யுங்க" என்றார் மேடம் பல்லைக் கடித்து.

"நீங்க செய்யுங்க மேடம்."

"பின்னால ஆட்கள் காத்துட்டு இருக்காங்க."

"இருக்கட்டும் மேடம். ஹார்ன் அடிச்சாலும் பதறக் கூடாது, வழி தெளிவாகிற வரைக்கும் நிக்கணும்."

இது மேடத்தின் சொந்த வாக்கியம். வாரத்துக்கு ஐந்து நாள் அவர் டாக்டரிடம் சொல்வது. தன் வாக்கியத்தையே எதிர் நாற்காலியிலிருந்து கேட்டதில் அவருக்குச் சுர்ரென்று ஏறியது. வாழ்க்கையில் அடுத்தவர் அழுத்தும் ஆக்சிலேட்டரைத் தடுத்தே பழகியவர், அன்றைக்கு முதல் தடவையாகத் தானே அழுத்தினார். நிறுத்தக்கா பதினெட்டு வலிமையையும் திரட்டிக்கொண்டு பாய்ந்து போய் நத்தையின் முதுகில் மோதியது.

‘ணங்’ என்று ஒரு சத்தம். நத்தை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நிறுத்தக்கா கொண்டை கலைந்து, கால் இரண்டும் மேலே பார்க்க விழுந்தது.

கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டது. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். தம்பி மனைவி விதியை மறந்து எழுந்தே நின்றுவிட்டாள். எல்லோரும் மேடத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

டாக்டர் ஜாடியை மூடினார். "நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் மேடம்."

"அதை ரவுண்டானாவுல சொன்னேன்!" என்றார் மேடம். "ரவுண்டானாவுல ஒரு நாளாவது செஞ்சீங்களா? நாளைக்குக் காலையில வாங்க. தலை சுத்துற வரைக்கும் சுத்த வெக்கறேன்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். டாக்டர் குலுக்கினார். அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை என்பதை மேடம் கவனித்தார், வெளியே சொல்லவில்லை. அடுத்த சுற்றில் அந்த நத்தையை உப்புப்பூதம் வைத்திருந்த ஒரு பள்ளிக்கூடச் சிறுமி கண்மூடித் திறப்பதற்குள் கரைத்துவிட்டாள். அது வேறு கதை.

கம்பெனி மேசையில் நீண்ட வரிசை. எல்லோரும் நிறுத்தக்கா பேட்ஜ் கேட்டார்கள். இருநூறு பூதங்களுக்குப் பேட்ஜ் அடித்திருந்தார்கள்; அதற்கு மட்டும் அடிக்கவில்லை. யார் கேட்பார்கள் என்று நினைத்தார்களோ. தம்பி மனைவி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மூன்று பிள்ளைகள் மேடத்தை மறித்துப் போட்டோ எடுக்கலாமா என்றார்கள். மேடம் கொண்டையைச் சரிசெய்து, வழக்கம் போலத் தலையைச் சாய்த்து நின்றார். போனைப் பிடித்திருந்தவன் கண்களை அகல விரித்தான்.

"ஆன்ட்டி, நீங்க அப்படியே அந்தப் பறவை மாதிரியே இருக்கீங்க!"

மேசைக்குப் பின்னால் தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்காதா பின்னே?" என்றார் மேடம், அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி. "என்னைப் பார்த்து வெச்சதுதான். அதோ நிக்கிறாளே, அவதான் பேர் வெச்சா. என் தம்பி பொண்டாட்டி."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். தம்பி மனைவி கண்ணைத் திறந்தாள். என்ன செய்வது என்று தெரியாமல், கையில் இருந்த தவளைப் பேட்ஜை எடுத்து ஆட்டினாள்.

எல்லாம் முடிந்து, கீழ்த்தளத்துக் காபிக் கடையில் மேடம், தம்பி, தம்பி மனைவி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மேடம் கேம் பெட்டியைத் திறந்து ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஒரு பூதத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு? குட்டையை விட்டு வெளியவே வராம, வெளியில இருக்கிறவங்க எல்லாம் கெட்டுப் போயிட்டாங்கன்னு சொல்ற ஆமை."

"அது எங்க அப்பா, அண்ணி."

"நினைச்சேன். இது? வாயை மூடாம இருக்கிற தவளை?"

தம்பி மனைவி தயங்கினாள். "உங்க சித்தி."

மேடம் குறிப்பைப் படித்தார். "கொஞ்சம் குறைச்சுத்தான் எழுதியிருக்கே."

தம்பி காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தான். "இதுல நான் இருக்கேனா?"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் பெட்டியைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உன்னை எதுக்குடா வெக்கப் போறா? காபி ஆறுது, குடி."

அவன் சந்தேகத்தோடு குடித்தான். சர்க்கரை போதவில்லை என்று எழுந்து போனான். அவன் போனதும் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தம்பி மனைவிக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, அஞ்சாம் பாகத்துக்குப் பேர் வெக்க ஆரம்பிச்சாச்சா?"

"அடுத்த வாரத்துலேர்ந்து அண்ணி. ஏன்?"

மேடம் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒரு ஓரகத்தி இருக்கா. உனக்குத் தெரியாது, நீ ரெண்டு தடவைதான் பார்த்திருப்பே. அவ சிரிக்கிறது எப்படித் தெரியுமா..."

தம்பி மனைவி பைக்குள் கையை விட்டுப் பேனாவைத் தேடினாள்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க அண்ணி" என்றாள்.